ராணி தாங்கிய பதினொரு நாள்

பெரிய நோய் வருத்தத்திலிருந்து தப்பி வந்தவர்களில் சிலர் சிகரெட்டை விடுவார்கள், சிலர் கோயிலைப் பிடிப்பார்கள். பத்மநாதன் நூலகத்தைப் பிடித்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்னர் அவருடைய குடல் அடைத்துக்கொண்டது. சின்ன வயதில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அப்பென்டிக்ஸ் வெட்டிய தழும்பு உள்ளே ஒட்டுப்போட்டுக் கிடந்து, அறுபத்தொன்பதாவது வயதில் குடலை மடக்கிப் பிடித்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். மூக்குக்குள் குழாயோடு ஐந்து நாள், பிறகு கத்தி, பிறகு இன்னும் ஒரு வாரம். வீட்டுக்கு வந்து நடமாடத் தொடங்கியதும் மனிதர் ஸ்காபரோவில் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் நூலகத்துக்குப் போய், இந்த வருத்தத்தை முதன்முதலில் யார் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்து என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கினார்.

வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவர். ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் அடிமுடி காணாமல் விடமாட்டார். ஒரு குளிர்காலம் முழுக்க வாசித்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் "எப்படி இருக்கிறியள்?" என்று கேட்கவே பயந்தார்கள். கேட்டால் கிரேக்க தேசத்திலிருந்து ஆரம்பிப்பார், தேத்தண்ணி ஆறிவிடும்.

இதற்கெல்லாம் ஈடுகொடுத்தவர் அவருடைய மனைவி பாலேஸ்வரி. நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் "எனக்குத் தலையிடிக்குது" என்று சொல்லாத பெண். பத்மநாதனுக்கு விக்கல் வந்தாலும் ஊருக்கே தெரியும். பாலேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தால், அவர் சமைக்கும் கறியில் உப்புக் கூடும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதையும் கண்டுபிடிக்கிற ஆள் பத்மநாதன் இல்லை. உப்புக் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தயிரைப் போட்டுச் சாப்பிடுவார்.

அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் முதியோர் சங்கம் சனிக்கிழமைகளில் கூடும். தலைவர் பஸ்ரியன், பத்மநாதனின் நெடுநாள் நண்பர். பேச்சாளர் ஒருவர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட, பஸ்ரியன் வேறு வழியில்லாமல் பத்மநாதனைக் கேட்டார்.

"அண்ணை, அரை மணித்தியாலம். என்ன தலைப்பெண்டாலும் பரவாயில்லை."

"குடல் அடைப்பின் வரலாறு," என்றார் பத்மநாதன், ஒரு வருடமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல.

"பேச்சுக்குப் பிறகுதான் சாப்பாடு," என்று மட்டும் பஸ்ரியன் நினைவூட்டினார்.

அந்த வாரம் புதன்கிழமை கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. ஆறு நாள். பகல் முழுக்க ஒன்றும் இல்லை, பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும். ஆறாம் நாள் திங்கட்கிழமை சூரசம்ஹாரம், செவ்வாய் காலை பாறணையோடு விரதம் முடியும். பாலேஸ்வரி போன வருடமும் பிடித்தார், இந்த வருடமும் பிடிக்கிறார். வயது போகப் போகப் பக்தி கூடுவது வழக்கம்தானே என்று பத்மநாதன் அதை மேற்கொண்டு யோசிக்கவில்லை.

வியாழன் பின்னேரம் சமையலறை மேசையில் ஒத்திகை நடந்தது. பத்மநாதன் கையில் அட்டைகள், ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு நிறம். எதிர்க் கதிரையில் பாலேஸ்வரி, சால்வையால் போர்த்துக்கொண்டு.

"ரெண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தியே ஒரு கிரேக்க வைத்தியர் வயித்திலை துளை போட்டு அடைச்சதை வெளியாலை விட்டவராம். வேறை சிலபேர் துருத்தி வைச்சுப் பின்பக்கத்தாலை காத்து அடிச்சவை."

"கொல்லன் பட்டறைத் துருத்தியோ?"

"அதே வகைதான். எங்கடை பக்கத்துப் பழைய வைத்தியர் இன்னும் கெட்டிக்காரர். வயித்தைக் கீறிக் குடலை வெளியிலை எடுத்து, ஓட்டை விழுந்த இடத்திலை கறுப்பு எறும்பைக் கடிக்க விடுறது. கடிச்ச உடனை உடம்பைக் கிள்ளி எறிஞ்சு போட்டுத் தலையை மட்டும் விட்டால், அதுதான் தையல்."

பாலேஸ்வரி சிரித்தார். சிரித்த வேகத்தில் மேசை விளிம்பைக் கையால் பிடித்தார். அதைப் பத்மநாதன் ரசிப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, பாதரசம் குடிக்கக் கொடுத்த காலத்துக்குத் தாவினார். பாதரசம் பாரமானது, பாரத்தில் அடைப்பைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று நம்பி இறாத்தல் கணக்கில் விழுங்க வைத்த கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு மிகவும் பிடித்த அட்டை வந்தது, இங்கிலாந்து ராணியின் கதை.

முந்நூறு வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. கடைசிப் பிள்ளைப்பேற்றோடு அந்த ராணிக்குத் தொப்புளடியில் குடல் இறங்கிக் கட்டியாகிவிட்டது. ராஜாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லாமல் பதின்மூன்று வருடம் மறைத்து வைத்திருந்தார். ஒருநாள் அந்தக் கட்டிக்குள் குடல் இறுகி அடைத்துக்கொண்டது. நோவில் சத்தி எடுத்துத் துடித்தபோதும் டொக்டர்மாருக்கு இடத்தைக் காட்டவில்லை. அவர்கள் வயிற்றுக் குத்து என்று நினைத்து மருந்தை மேல் மருந்தாகக் கொடுத்தார்கள். கடைசியில் ராஜாதான் பொறுக்கமாட்டாமல் சொன்னார். அப்போது நேரம் கடந்துவிட்டது.

"வெக்கத்தாலை செத்த ராணி," என்று பத்மநாதன் அட்டையை மேசையில் தட்டி வைத்தார். இந்த இடத்தில் சபை சிரிக்கும் என்பது அவர் கணக்கு.

பாலேஸ்வரி சிரிக்கவில்லை. "எத்தினை நாள் இருந்தவ?" என்று கேட்டார்.

"எப்ப?"

"நோ தொடங்கினதிலையிருந்து."

"பதினொரு நாள்."

"குழாயும் இல்லை, ஒப்பரேசனும் ஒழுங்கா இல்லை. எண்டாலும் பதினொரு நாள்," என்று பாலேஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்மநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை மாதமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த மனிசி இப்போதுதான் விஷயத்துக்குள் இறங்குகிறா என்று நினைத்தார். அன்று பாலேஸ்வரி பாலும் குடிக்கவில்லை, பழமும் தொடவில்லை. "இந்த முறை கடும் விரதம் பிடிப்பம் எண்டு பாக்கிறன்," என்றார். குளியலறையில் தண்ணீர்க் குழாய் நெடுநேரம் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கப் படுத்திருந்தார். விரதக்காரர் சோர்ந்து படுப்பது புதினமா? ஊரில் எத்தனை பேர் அப்படிப் படுத்ததைப் பத்மநாதன் பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை பத்மநாதன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பாலேஸ்வரி கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"இஞ்சருங்கோ. நோ முதல் விட்டு விட்டு வந்து, பேந்து விடாமல் நிண்டால், அது நல்லமோ கூடாதோ?"

பத்மநாதன் கண்ணாடியிலிருந்து திரும்பினார். "அருமையான கேள்வி. நான் அதை யோசிக்கேல்லை. புத்தகத்திலை இருக்கும்." ஒரு வெற்று அட்டையை எடுத்து எழுதினார். "கூட்டத்திலை சொல்லுறன். வந்து உமக்கும் சொல்லுறன். நீர் வரேல்லையோ?"

"சமையல் மணம் எனக்கு ஒத்துவராது. நீங்கள் போட்டு வாங்கோ. வடிவாக் கதையுங்கோ."

கீழே பஸ்ரியனின் கார் ஹோர்ன் அடித்தது.

சங்கத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். பின்பக்கத்தில் மரக்கறி ரோல்ஸ் தட்டுகள் மூடியிருந்தன. பாதிப்பேரின் கண் அங்கேதான். ஆனாலும் துருத்திக்குச் சிரித்தார்கள், எறும்புக்கு வாயைப் பிளந்தார்கள், ராணிக்கு இன்னும் கூடச் சிரித்தார்கள். பத்மநாதன் தன் வாழ்நாளில் இப்படி ஒரு சபையைக் கண்டதில்லை. கடைசி அட்டையை எடுத்தார். காருக்குள் வைத்துப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, பச்சை மையால் விடை எழுதிய அட்டை.

"இது என்ரை மனிசி கேட்ட கேள்வி," என்றார் பெருமையோடு. "விட்டு விட்டு வாற நோ, அடைப்போடை குடல் சண்டை பிடிக்கிற நோ. குடலுக்கு இன்னும் உயிர் இருக்கெண்டு அர்த்தம். விடாமல் நிக்கிற நோ எண்டால் குடலுக்கு ரத்தம் போறது நிண்டிட்டுது. பழைய காலத்து டொக்டர்மார் கையாலை தடவியும் காதாலை கேட்டும் கண்டுபிடிச்சது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான். அதுக்குப் பிறகு நாள் கணக்கில்லை, மணித்தியாலக் கணக்குத்தான்."

சொல்லிவிட்டு அட்டையைப் பார்த்தார். மூக்கில் குழாயோடு கிடந்த அவருக்கே அப்படி ஒரு நோ வந்ததில்லை. அதனால்தான் அவர் அதை யோசிக்கவுமில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க வாசித்தவருக்கு எழாத கேள்வி, அட்டையை ஒருநாளும் தொடாத பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது? குடிக்காத பால். மேசை விளிம்பு. மூடாத தண்ணீர்க் குழாய். எத்தினை நாள் இருந்தவ?

"பஸ்ரியன்," என்றார் ஒலிவாங்கியிலேயே. "என்னை வீட்டை கொண்டுபோய் விடும். இப்பவே."

பாலேஸ்வரி கட்டிலில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார். முகம் சுண்ணாம்பு வெள்ளை. பத்மநாதன் பக்கத்தில் முழங்காலில் இருந்து, "எங்கை நோகுது?" என்று கேட்டார். பாலேஸ்வரி யன்னலைப் பார்த்தார். "பாலேஸ், எங்கை எண்டு காட்டும்."

பாலேஸ்வரி கையை எடுத்துத் தொடையிடுக்கில் வைத்தார். சட்டைக்கு மேலாலேயே தெரிந்தது, எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி.

"எவ்வளவு காலமா?"

"போன மாரிக்கு முந்தி. சின்னனா இருந்தது. அமத்தினால் உள்ளை போயிடும்."

"டொக்டரிட்டைக் காட்டியிருக்கலாமே."

"அவரிட்டையோ? அவரின்ரை மனிசியும் நானும் ஒண்டாத் தேவாரம் பாடுறனாங்கள். உந்த இடத்தை எப்படிக் காட்டுறது?"

அம்புலன்ஸுக்கு பஸ்ரியன் ஏற்கெனவே தொலைபேசி எடுத்துவிட்டார். பாலேஸ்வரி பத்மநாதனின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார். "திங்கள் வரைக்கும் பொறுங்கோ. சூரன்போர் முடியட்டும். ராணி பதினொரு நாள் இருந்தவ. எனக்கு ஆறு நாள்தானே."

பத்மநாதனுக்கு அந்த நிமிடத்தில் தன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சபை சிரிக்கவேண்டும் என்று சொன்ன கதையை இந்தப் பெண் கணக்குப் பார்க்க எடுத்துக்கொண்டிருக்கிறாள். "ராணி செத்துப்போட்டா, பாலேஸ்," என்றார். "பதினோராம் நாள் செத்துப்போட்டா."

ஆஸ்பத்திரியில் வேலை மளமளவென்று நடந்தது. படம் எடுத்தார்கள், மூக்குக்குள் குழாய் விட்டார்கள். அன்ட்ரூ என்ற இளம் சத்திரசிகிச்சை நிபுணர் வந்து, கட்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, இனிப் பொறுக்க நேரமில்லை என்றார். கட்டில் உருண்டு போனபோது பத்மநாதன் கதவுவரை கூடவே ஓடினார்.

மகள் கஜனி மார்க்கம் நகரிலிருந்து வந்து சேர்ந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்?" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் பத்மநாதன் தாங்கியிருப்பார். இது அப்படி இல்லை, விளங்காமல் கேட்ட கேள்வி. இரண்டாயிரத்து முந்நூறு வருடத்தில் எங்கெங்கோ செத்துப்போன நோயாளிகளின் நாடியை எல்லாம் பிடித்துப் பார்த்த மனிதர், மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவளைப் பார்க்கவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு அன்ட்ரூ வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார். குடலில் நாலு அங்குலம் கறுத்துப் போயிருந்தது என்றார். இறுக்கத்தை விடுவித்து, வெந்நீரில் நனைத்த துணியால் போர்த்துவிட்டுக் காத்திருந்தார்களாம்.

"காத்திருந்தீர்களா? வேறு ஒன்றும் செய்யவில்லையா?" என்று கஜனி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை. நூறு வருடத்துக்கு முன்னரும் இதைத்தான் செய்தார்கள். நிறம் திரும்புகிறதா என்று பார்ப்போம். திரும்பாவிட்டால் வெட்டுவோம். பத்து நிமிடத்தில் இளஞ்சிவப்பாகிவிட்டது. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்."

பத்மநாதனுக்கு அந்தத் துணியைப் பற்றித் தெரியும். எந்த நூற்றாண்டு, எந்த நிற அட்டை என்பதுகூடத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. டொக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு காலை பாலேஸ்வரி கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு என்னவும் தந்தவையோ?" என்பது. கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனைக் காட்டினார். "இது உப்புத் தண்ணிதான்," என்றார் பத்மநாதன். ஆனாலும் பாலேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. "மூண்டு வருசம் பிடிக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சது. இது ரெண்டாவது."

"என்னத்துக்கு நேர்த்தி?"

பாலேஸ்வரி அவரைப் பார்த்த பார்வையில், இதுவுமா இந்த மனிதனுக்குத் தெரியாது என்ற சலிப்பு இருந்தது. "உங்களைக் கத்தி வைக்கக் கொண்டுபோன அண்டைக்கு வைச்சது. விரதம் முறிஞ்சால் உங்களுக்குத்தானே கூடாது."

பத்மநாதன் எழுந்து யன்னலருகில் போய் நின்றார். வெளியே கார்த் தரிப்பிடத்தில் முதற்பனி தூறிக்கொண்டிருந்தது. பத்து மணித் தேத்தண்ணி ஐந்து நிமிடம் பிந்தினால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர் அவர். சாமி என்றால் அரைச் சிரிப்புச் சிரிக்கிறவர். திரும்பி வந்து, "மிச்சத்தை நான் பிடிக்கிறன்," என்றார்.

"உங்களாலை ஏலாது."

"ஏலும்."

ஏலாமல்தான் இருந்தது. ஞாயிறு மத்தியானம் தலை சுற்றியது. தாதி மெலிசா இரண்டு தரம் பிஸ்கட் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கும்பிட்டு மறுத்தார். திங்கள் பின்னேரம் கஜனி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய், சூரன் விழுவதைத் தொலைபேசியில் காட்டினாள். பாலேஸ்வரி படுத்தபடி கைகூப்பினார். பத்மநாதனும் கூப்பினார். பசியில் வந்த பக்திதான் என்றாலும் கூப்பியது கூப்பியதுதான்.

மெலிசாவுக்கு வேறொரு கவலை. ஒவ்வொரு முறையும் வந்து காற்றுப் பிரிந்ததா என்று கேட்பாள். பிரிந்தால் குடல் விழித்துவிட்டது, குழாயை எடுக்கலாம், குடிக்கக் கொடுக்கலாம். பிரியாவிட்டால் திரும்பவும் யோசிக்க வேண்டும். அவள் கேட்கும்போதெல்லாம் பாலேஸ்வரி கூரையைப் பார்ப்பார். ஏப்பம் வந்தால்கூட அடுத்த அறைக்குப் போகிற பெண்ணிடம் போய் இதைக் கேட்டால்? பத்மநாதன் கேட்கவும் துணியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். புத்தகம் எடுக்கவில்லை. பாலேஸ்வரியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது புருவத்துக்குள் ஒரு சின்ன மச்சம் இருந்தது. நாற்பத்தொரு வருடமாக அங்கேதான் இருந்திருக்கவேண்டும்.

செவ்வாய் காலை வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம். "இஞ்சருங்கோ," என்றார் பாலேஸ்வரி.

"என்ன?"

"போட்டுது."

"எது?"

"அந்தப் பிள்ளை கேக்கிறது."

பத்மநாதன் கதிரையிலிருந்து எழும்பினார். "எத்தினை தரம்?"

"ரெண்டு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூண்டு," என்றார்.

பத்மநாதன் அழுதுவிட்டார். பொங்கி வந்த அழுகையை மறைக்கவும் இல்லை. மெலிசா ஓடிவந்து, கெட்ட சேதி என்று நினைத்துப் பயந்து, பிறகு விளங்கிக்கொண்டு தானும் சிரித்தாள். டொக்டர் வந்து பார்த்தார். குழாய் போனது. பத்து மணிக்கு ஒரு தட்டில் அப்பிள் ஜூஸும் பச்சை நிற ஜெலியும் வந்தன. ஜெலியில் மாட்டெலும்பு இருக்கும் என்று பத்மநாதன் திருப்பி அனுப்பினார். ஜூஸ் கோப்பையின் தகட்டு மூடியை உரித்து, பாலேஸ்வரி இரண்டு மிடறு குடித்துவிட்டு, மிச்சத்தை அவரிடம் நீட்டினார். இருவருக்கும் அதுதான் பாறணை.

"இன்னும் என்னவும் இருக்கோ?" என்று கேட்டார் பத்மநாதன். "எனக்குச் சொல்லாமல் விட்டது."

பாலேஸ்வரி யோசித்தார். தொடங்கினால் நிற்காது என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு இடது கண்ணில் மூன்று வருடமாக மங்கல் என்றார். வலது முழங்கால் படியிறங்கும்போது விட்டுக்கொடுக்கிறது. கடைவாய்ப் பல்லொன்று குளிர்ந்தது பட்டால் உயிர் போகிறது. வியாழக்கிழமை எறும்புக் கதைக்குச் சிரித்தபோது நோவில் கண் இருண்டது. பல்லைப் பற்றிப் பத்மநாதனுக்குத் தெரிந்த வரலாறு ஒன்று இருந்தது, அதை விழுங்கினார்.

"பேந்து," என்றார் பாலேஸ்வரி, போர்வையின் ஓரத்தை மடித்தபடி, "நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை, நான் வீட்டை போய்க் கீழை பேஸ்மென்றிலை இருந்து அழுதனான். துணைக்கு வந்து நிண்ட கஜனிக்குக் கேக்கக்கூடாதெண்டு உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் போட்டிட்டு."

"எத்தினை நாள்?"

"நீங்கள் வீட்டை வாற வரைக்கும்."